சர்ச்சை வரும் வசனங்களைப் படிப்பதும் பதில் சொல்வதும்: ராமநாதபுரம் கடற்கரைச் சபைகளுக்கான வழிகாட்டி

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஒரே குடும்பத்துக்குள்ளேயே மூன்று வகை ஆராதனை இருக்கும். அம்மா கத்தோலிக்கக் கோயிலுக்குப் பூசை காணப் போவார். மகன் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பெண் எடுத்திருப்பான். சின்ன மருமகள் பெந்தெகொஸ்தே ஜெபக்கூட்டத்தை விடமாட்டாள். வாசலில், இயேசுவைச் சர்வவல்ல தேவன் என்று ஏற்காத யெகோவாவின் சாட்சிகள் புத்தகத்தோடு நிற்பார்கள். கீழக்கரைக் கடையில் கணக்கு முடிக்கும்போது பாய், "உங்க பைபிளை மாத்திட்டாங்கன்னு சொல்றாங்களே" என்று கேட்பார். இந்தக் கேள்விகள் சபை ஐயருக்கோ பாஸ்டருக்கோ வருவதில்லை. ஓய்வுநாள் பள்ளி ஆசிரியருக்கும், வாலிபர் ஐக்கியத் தலைவருக்கும், வீட்டில் இருக்கும் அக்காவுக்கும்தான் வருகின்றன. "உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்" என்று பேதுரு எழுதியதும் சாதாரண விசுவாசிகளுக்குத்தான் (1 பேதுரு 3:15). அதே வசனத்தில் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" என்றும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்பவர்களால் நிறைய கெட்டிருக்கிறது.

வேதாகமம் தேவனுடைய வார்த்தை, அதுவே இறுதி அதிகாரம் என்ற பழைய புரொட்டஸ்டண்ட் விசுவாசத்தில் நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். நம் பக்கத்து ஆட்கள் வாதத்தில் தோற்கும்போது பெரும்பாலும் போதனையில் குற்றம் இருப்பதில்லை. அந்தப் போதனையின் பாரத்தைத் தாங்க முடியாத ஒரு வசனத்தின்மேல் அதை ஏற்றி வைத்திருப்பார்கள். அந்த வசனம் சரியும்போது கேட்டுக்கொண்டிருக்கும் இளைஞன் போதனையே சரிந்தது என்று நினைத்துக்கொள்கிறான். நமக்குச் சாதகமாகத் தெரிகிற பலவீனமான ஆதாரத்தை நாமே முதலில் எடுத்து ஓரம் வைக்கப் பழக வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை

ஒத்துவாக்கியங்கள் (ஒரே பொருளுள்ள மற்ற வசனங்களின் குறிப்பு) உள்ள பழைய மொழிபெயர்ப்பு வேதாகமம் ஒன்று வேண்டும். 1871-இல் வந்த அந்த மொழிபெயர்ப்புதான் இன்னும் நம் சபைகளின் வாயில் இருக்கிறது. கூடவே 1995-இல் வெளியான திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு. கத்தோலிக்க உறவினரோடு பேசுவதற்கு மட்டும் அல்ல, பழைய நடையில் புரியாத வாக்கியத்தைச் சரிபார்க்கவும் அது உதவும். உபாகமத்தை அவர்கள் இணைச் சட்டம் என்பார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் அங்கே திருத்தூதர் பணிகள். இது தெரியாமல் பக்கம் புரட்டித் திணறினால் பேச்சு அங்கேயே தொய்ந்துவிடும். மூன்றாவது ஒரு கன்கார்டன்ஸ், அதாவது ஒரு சொல் எந்தெந்த வசனத்தில் வருகிறது என்று காட்டும் அகராதி, புத்தகமாகவோ செல்போனிலோ.

நாலாவதாக ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு. பக்கத்தை நாலு பத்தியாகப் பிரியுங்கள்: வசனம், அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கிறது, எதிர்த்தரப்பு காட்டும் வசனங்கள், நம் பதிலும் அதன் பலமும். கடைசிப் பத்தியில் "உறுதி", "ஓரளவு", "விட்டுவிடு" என்று மூன்றில் ஒன்றைக் கட்டாயம் எழுதுங்கள். எல்லா வரிசையிலும் "உறுதி" என்று விழுந்தால் நோட்டை இன்னும் நேர்மையாக எழுதவில்லை என்று அர்த்தம்.

முதலில் கேள்வியைத் தரம் பிரியுங்கள்

ஏலத்தில் நண்டையும் சூடை மீனையும் ஒரே கூடையில் போட்டு விலை பேச மாட்டோம். கேள்விகளும் அப்படித்தான். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே தேவன் என்பது (திரித்துவம்), இயேசு முழுத் தேவனும் முழு மனுஷனுமானவர் என்பது, அவர் நம் பாவங்களுக்காக மரித்துச் சரீரத்தோடு உயிர்த்தது, கிருபையினால் விசுவாசத்தைக்கொண்டு வரும் இரட்சிப்பு, வேதத்தின் அதிகாரம், அவருடைய வருகை: இவை முதல் தரம். இவற்றில் ஒன்றை எடுத்தால் சுவிசேஷமே மிஞ்சாது. "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா" என்று பவுல் எழுதிய அளவுக்குக் கனமானவை.

குழந்தை ஞானஸ்நானமா, விசுவாச ஞானஸ்நானமா, ஆவியின் வரமாகிய அந்நிய பாஷை இன்றும் உண்டா, பெண்கள் ஆயராகலாமா: இவை இரண்டாம் தரம். தனிச்சபையாகப் பிரிய வைக்கலாம், ஒருவரை அவிசுவாசி என்று சொல்ல வைக்காது. ஆயிரவருட அரசாட்சியின் கால அட்டவணை, வெள்ளை உடை, நாள் பார்ப்பது ஆகியவை மூன்றாம் தரம். ரோமர் 14-ஆம் அதிகாரம் இவற்றுக்கென்றே எழுதியது போல இருக்கும். மூன்றாம் தரத்துக்காக உறவை முறித்தவர்களின் பேச்சை, திரித்துவத்தைப் பற்றி அவர்கள் பேசும்போது யாரும் காதில் வாங்குவதில்லை.

ஒரு வசனத்தைப் பிரிக்கும் விதம்

கொலோசெயர் 1:15-ஐ எடுத்துக்கொள்வோம். யெகோவாவின் சாட்சிகள் வாசலில் முதலில் திறக்கும் வசனங்களில் இது ஒன்று. இயேசு "சர்வ சிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்" என்று இருக்கிறதே, அப்படியானால் அவரும் படைக்கப்பட்டவர்தானே என்று கேட்பார்கள்.

உடனே வேறொரு வசனத்துக்குத் தாவாதீர்கள். நம்மவர்கள் செய்யும் முதல் தவறு அது. அவர் ஒரு வசனம், நாம் ஒரு வசனம் என்று எதிரெதிராக வீசிக்கொண்டிருந்தால் வேதமே தனக்கு முரணானது என்றுதான் கேட்பவருக்குத் தோன்றும். அந்த நிருபத்தை முழுவதுமாக ஒரே மூச்சில் சத்தமாகப் படியுங்கள். கொலோசெயர் நாலே அதிகாரம், 95 வசனம். கால் மணி நேரத்தில் முடியும். யாருக்கு எழுதுகிறார், எந்தக் குழப்பத்தைத் தீர்க்க எழுதுகிறார் என்று ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் அதிகாரத்தில் தேவதூதர்களை வணங்குவது பற்றிய எச்சரிக்கை வருகிறது. கிறிஸ்துவை அந்தச் சிருஷ்டிகளின் வரிசையில் சேர்த்துவிடக் கூடாது என்பதே பவுலின் கவலை என்று அப்போது தெரியும்.

பிறகு காரணம் சொல்லும் சொற்களுக்குக் கீழே கோடு போடுங்கள்: ஏனென்றால், ஆகையால், ஆதலால், படிக்கு. பதினாறாம் வசனம் "ஏனென்றால் அவருக்குள் சகலமும் சிருஷ்டிக்கப்பட்டது" என்று தொடங்குகிறது. அவரை ஏன் முந்தின பேறானவர் என்று அழைத்தார் என்பதற்கு பவுலே காரணம் சொல்லிவிட்டார்: சகலத்தையும் படைத்தது அவரைக்கொண்டு. சகலமும் அவரால் உண்டானால் அவர் அந்தச் சகலத்துக்குள் ஒருவராக இருக்க முடியாது. இந்த இடத்தில் சாட்சிகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு "மற்ற எல்லாம்" என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறது. முன்பு அதை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார்கள்; 2013 திருத்தப் பதிப்பில் அடைப்புக்குறியும் போய்விட்டது. இதைக் குரல் உயர்த்தாமல் காட்டினால் போதும்.

கடைசியாக, அதே பேச்சு வேதத்தில் வேறெங்கே வருகிறது என்று தேடுங்கள். சங்கீதம் 89:27-இல் தாவீதைத் தேவன் "முதற்பேறானவன்" ஆக்குவேன் என்கிறார். தாவீதோ ஈசாயின் எட்டுப் பிள்ளைகளில் கடைசி. எரேமியா 31:9 எப்பிராயீமை சேஷ்டபுத்திரன் என்கிறது. மூத்தவன் மனாசே என்று ஆதியாகமம் 41-இல் இருக்கிறது. ஆகவே பிறந்த வரிசையைச் சொல்லாமல் மேன்மையைச் சொல்லவும் அந்தப் பேச்சு வேதத்தில் வழங்குகிறது. கொலோசெயர் 1:18-இல் "எல்லாவற்றிலும் முதல்வராயிருக்கும்படி" என்று பவுல் அதையே முடித்தும் வைக்கிறார்.

இதோடு நோட்டை மூட வேண்டாம். எதிர்த்தரப்பு அடுத்து வெளிப்படுத்தின விசேஷம் 3:14-க்குப் போகும்: "தேவனுடைய சிருஷ்டிக்கு ஆதியுமாயிருக்கிற". அதே புத்தகத்தில் 21:6-இல் சிங்காசனத்தில் வீற்றிருக்கிறவரும் தம்மை ஆதி என்றுதான் சொல்கிறார். அவரைச் சிருஷ்டி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நீதிமொழிகள் 8:22-ம் வரும். குமாரன் படைக்கப்பட்டவர் என்று போதித்த ஆரியுவின் கூட்டத்தார் நாலாம் நூற்றாண்டிலேயே காட்டிய வசனம் அது. 325-இல் நிசேயாவில் கூடிய சபைத் தலைவர்களின் சங்கம் இந்த வாதங்களையெல்லாம் கேட்டுத்தான் விசுவாசப் பிரமாணத்தை எழுதியது. ஞாயிற்றுக்கிழமை நாம் சொல்லும் பிரமாணத்தில் "சிருஷ்டிக்கப்படாமல்" என்ற பொருளுள்ள வரி ஏன் இருக்கிறது என்று வாலிபர்களுக்கு இந்த இடத்தில் சொல்லிக்கொடுங்கள்.

கைவிட வேண்டிய ஆதாரங்கள்

திரித்துவத்துக்கு 1 யோவான் 5:7-ஐக் காட்டாதீர்கள். "பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்ற வரி நம் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது. பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சில் பதிப்பித்த அறிஞர் எராஸ்முஸ் 1516, 1519 பதிப்புகளில் அதைச் சேர்க்கவில்லை, 1522-இல்தான் சேர்த்தார். திருவிவிலியத்திலும் அது இல்லை. கீழக்கரை பாய்க்கோ, கல்லூரி முடித்த ஒரு தம்பிக்கோ இந்தச் செய்தி தெரிந்திருந்தால், நீங்கள் அந்த வசனத்தை வாசித்த நிமிஷமே உங்கள் மொத்தப் பேச்சும் சந்தேகத்துக்குள் போய்விடும். நிசேயாவில் கூடியவர்கள் இந்த வரியை நம்பித் திரித்துவத்தை அறிக்கையிடவில்லை. மத்தேயு 28:19, யோவான் 1:1-18, 17:5, 20:28, 2 கொரிந்தியர் 13:14 போதுமானவை. இவற்றை நிதானமாக வாசித்துக் காட்டுங்கள்.

மாற்கு 16:9-20-ஐயும் தனியாக நிற்க வைக்காதீர்கள். சீனாய் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும், அதாவது நாலாம் நூற்றாண்டின் இரண்டு பெரிய பிரதிகளிலும், அந்தப் பகுதி இல்லை. உயிர்த்தெழுதலுக்கு மற்ற மூன்று சுவிசேஷங்களும் 1 கொரிந்தியர் 15-ம் இருக்கின்றன. அந்தப் பகுதியில் வரும் சர்ப்பத்தையும் விஷத்தையும் பற்றிய வசனத்தில் ஒருவரும் தம் உயிரை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

மூன்றாவது வகை, புதுவருஷ வாக்குத்தத்த அட்டை. எரேமியா 29:11 அதில் அடிக்கடி வரும். "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று வாசித்துவிட்டு, இந்த வருஷம் படகுக் கடன் அடைந்துவிடும் என்று சிலர் நம்பிக்கொள்கிறார்கள். முந்தின வசனம் பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறிய பின்பு என்கிறது. அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் திரும்பி வருவதைப் பார்க்கவே இல்லை. தேவன் தம் ஜனத்தைக் கைவிடுவதில்லை என்பதற்கு அது உறுதியான ஆதாரம். கடனுக்குத் தவணை குறிக்கிற வசனம் அல்ல. "எல்லாவற்றிலும் வாழ்ந்து சுகமாயிருக்கும்படி" என்னும் 3 யோவான் 2-ம் அப்படியே. காயுவுக்கு யோவான் எழுதிய கடிதத்தின் நல்வாழ்த்து அது. செழிப்புப் போதனைக்காரர்கள் அதன்மேல் கட்டும் மாடி அதற்கு மீறியது. காணிக்கை கொடுத்தால் வலை நிறையும் என்று கஷ்டப்படுகிற குடும்பத்திடம் சொல்வது பாவம். அதைப் பாவம் என்றே சபையில் சொல்ல வேண்டும்.

பவுலும் யாக்கோபும்

கத்தோலிக்க உறவினர் கட்டாயம் கேட்கும் கேள்வி இது. விசுவாசம் மட்டும் போதும் என்கிறீர்களே, யாக்கோபு 2:24 "விசுவாசத்தினாலேமாத்திரமல்ல, கிரியைகளினாலேயும்" என்கிறதே? நேர்மையான கேள்வி. விசுவாசத்தினாலேயே நீதிமான் என்னும் ரோமர் 3:28-ஐ வீசிப் பதில் சொல்லாதீர்கள். இரண்டு பேரும் ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். எந்த வயது ஆபிரகாமை என்று பாருங்கள்.

பவுல் நிற்பது ஆதியாகமம் 15:6-இல். இஸ்மவேல் அப்போது பிறக்கவில்லை. அவன் பிறந்தபோது ஆபிராமுக்கு 86 வயது. விருத்தசேதனம் நடந்தது 99-இல். ஆகக் குறைந்தது பதின்மூன்று வருஷத்துக்கு முன்பே நீதிமான் என்று எண்ணப்பட்டாயிற்று. ரோமர் 4:10-இல் பவுலின் வாதம் இந்தக் கால இடைவெளிதான். யாக்கோபு நிற்பது ஆதியாகமம் 22-இல். ஈசாக்கு பிறந்ததே ஆபிரகாமின் நூறாவது வயதில். விறகு சுமக்கும் அளவுக்கு வளர்ந்த பிறகு பலிபீடத்தின்மேல் கிடத்தப்படுகிறான். அப்போது முன்பு எழுதப்பட்டது "நிறைவேறிற்று" என்று யாக்கோபு சொல்கிறார். ஒருவர் தேவனிடம் ஏற்றுக்கொள்ளப்படும் வேரைப் பேசுகிறார், மற்றவர் அந்த விசுவாசம் உயிருள்ளதா என்று காட்டும் கனியைப் பேசுகிறார். யாக்கோபு எதிர்க்கும் விசுவாசம் எது என்று 2:14-19 சொல்கிறது: சகோதரனுக்கு ஆகாரமில்லாதபோது "சமாதானத்தோடே போங்கள்" என்று அனுப்பிவிடும் வாய்ப்பேச்சு, பிசாசுகளுக்கும் இருக்கிற வெறும் அறிவு. அந்த விசுவாசம் இரட்சிக்காது என்று பவுலும் சொல்வார். எபேசியர் 2:8-9-ஐ வாசிப்பவர்கள் பத்தாம் வசனத்தையும் சேர்த்துப் படிக்கட்டும்.

ஞானஸ்நானத்தில் எந்தப் பெயர்?

கடலில் ஞானஸ்நானம் கொடுக்கும் இடங்களிலெல்லாம் இந்தப் பிரச்சினை எழும். "இயேசுவின் நாமத்தில்" என்று சொல்லாமல் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது, மறுபடி எடுக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் போதிக்கிறது. அப்போஸ்தலர் 2:38, 8:16, 10:48, 19:5 நாலையும் காட்டுவார்கள். நாலும் உண்மையான வசனங்கள், மறைக்க ஒன்றுமில்லை.

நாலிலும் இருப்பது லூக்கா நடந்ததைச் சொல்லும் விவரிப்பு. மத்தேயு 28:19 இயேசுவின் நேரடிக் கட்டளை. கட்டளையை விவரிப்புக்கு அடியில் போடக் கூடாது. நடபடிகளின் வசனங்கள் தங்களுக்குள்ளேயே ஒரே வாசகமாகவும் இல்லை: ஓரிடத்தில் இயேசுகிறிஸ்து, இன்னொரு இடத்தில் கர்த்தராகிய இயேசு. உச்சரிக்க வேண்டிய சூத்திரமாக இருந்தால் இப்படி மாறாது. யோவானின் ஞானஸ்நானத்திலிருந்து இதைப் பிரித்துக் காட்டும் பெயராகவே அது வருகிறது. 19-ஆம் அதிகாரத்தில் பரிசுத்த ஆவி உண்டென்று கேள்விப்படவே இல்லை என்று எபேசுவில் சிலர் சொன்னவுடன் பவுல் என்ன கேட்கிறார்? அப்படியானால் எந்த ஞானஸ்நானம் பெற்றீர்கள் என்று. கிறிஸ்தவ ஞானஸ்நானம் பெற்றவன் ஆவியானவரைப் பற்றிக் கேள்விப்படாமல் இருக்க முடியாது என்பது அந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

வேதத்துக்கு வெளியே ஒரு சாட்சியும் உண்டு. ஆதிச்சபையின் மிகப் பழைய கையேடான டிடாக்கே, ஏழாம் அதிகாரத்தில் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிறது. அதே நூல் ஒன்பதாம் அதிகாரத்தில் அப்படிப்பட்டவர்களைக் "கர்த்தருடைய நாமத்தில்" ஞானஸ்நானம் பெற்றவர்கள் என்று குறிப்பிடுகிறது. இரண்டு வழக்கும் ஒரே சடங்குக்கு ஒரே காலத்தில் வழங்கியிருக்கின்றன. அதிகத் தண்ணீர் இல்லாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றலாம் என்றும் அங்கே இருக்கிறது. முழுக்கு மட்டும்தான் செல்லும் என்று அடித்துப் பேசுபவர்களும் கவனிக்கட்டும். டிடாக்கே வேதம் அல்ல, அதை அதிகாரமாகக் காட்டக் கூடாது. வரலாற்றுச் சாட்சியாக மட்டும் காட்டுங்கள்.

மருந்து

உயிர் போகும் விஷயம் என்பதால் இதில் தயக்கம் வேண்டாம். "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" (ஏசாயா 53:5) என்று சொல்லிக் காசநோய் மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஏசாயா 53-ஐ மத்தேயு 8:17 சரீர சுகத்தோடு இணைக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். தேவன் இன்றும் சுகப்படுத்துகிறார், யாக்கோபு 5:14-இன்படி மூப்பரை அழைத்து ஜெபிக்கிறோம். ஆனால் 1 பேதுரு 2:24 அதே வரியைப் பாவங்களைச் சுமந்ததோடு சேர்த்துச் சொல்கிறது. சரீரத்தின் மீட்பு முழுமையடைவது உயிர்த்தெழுதலில் (ரோமர் 8:23).

அவர்கள் காட்டுவது யாத்திராகமம் 15:26, "நானே உன் பரிகாரியாகிய கர்த்தர்". ஆசா ராஜா வைத்தியரைத் தேடியதையும் காட்டுவார்கள் (2 நாளாகமம் 16:12). கர்த்தரைத் தேடாமல் வைத்தியரை மட்டும் தேடினான் என்பதே அங்கே அவன்மேல் உள்ள குற்றம். ஏசாயா 38-ஐத் திறந்து பக்கத்தில் வையுங்கள். எசேக்கியாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டித் தருவதாகத் தேவன் வாக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகும் ஏசாயா அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார் (38:21). வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே அதிகாரத்தில், ஒரே தீர்க்கதரிசியின் வாயில். பவுல் துரோப்பீமுவை மிலேத்துவில் நோயாளியாக விட்டுவந்தார், தீமோத்தேயுவின் வயிற்றுக்கு யோசனை சொன்னார், லூக்காவைப் பிரியமான வைத்தியன் என்று அழைத்தார். இவர்களுக்கெல்லாம் விசுவாசம் குறைவு என்று யார் சொல்வது?

இதில் வாதத்தில் ஜெயித்தால் போதாது. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், மாத்திரை வாங்கிக் கொடுத்து, ஜெபித்துவிட்டு வாருங்கள்.

நகையும், பெண்கள் போதிப்பதும்

நகை விஷயம் சுருக்கமாக. 1 பேதுரு 3:3 பொன்னாபரணத்தோடு சேர்த்து வஸ்திரம் உடுத்துவதையும் சொல்கிறது. நகையை முற்றிலும் தடை செய்கிற வசனம் என்றால் உடையையும் தடை செய்ய வேண்டிவரும். புற அலங்காரத்திலேயே பெருமை வைக்காதே என்பதுதான் செய்தி. ரெபெக்காளுக்கு ஆபிரகாமின் ஊழியக்காரன் பொன் காதணியும் கடகமும் கொடுத்ததை ஆதியாகமம் 24 குறையாகச் சொல்லவில்லை. மனசாட்சிக்காகக் கழற்றியவரை மதியுங்கள். தாலியைக் கழற்றினால்தான் இரட்சிப்பு என்பவரோடு மட்டும் உறுதியாக நில்லுங்கள்.

உபதேசம்பண்ண ஸ்திரீக்கு உத்தரவு கொடுக்கிறதில்லை என்னும் 1 தீமோத்தேயு 2:12 கடினமானது. இது எபேசுவின் அன்றைய நிலைமைக்கு மட்டும் சொன்னது என்பது இன்று பரவலான பதில். வசனத்தை எழுதியவர் என்ன காரணம் சொல்கிறார் என்று பாருங்கள்: அடுத்த வசனத்தில் பவுல் ஆதாம் முதலில் உருவாக்கப்பட்டதைச் சொல்கிறார். ஊர் வழக்கத்தை அல்ல, சிருஷ்டிப்பையே ஆதாரமாக வைக்கிறார். ஆகவே சபையை ஆளும் மூப்பர் பொறுப்பும் அதற்குரிய போதனையும் ஆண்களுக்கு என்ற பழைய வாசிப்பே உரைக்கு நெருக்கமானது என்று நாம் கொள்கிறோம். அதே வேகத்தில் பெண்கள் வாயே திறக்கக் கூடாது என்று போகாதீர்கள். 1 கொரிந்தியர் 11:5 பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் நடக்கிற காரியமாகவே எடுத்துக்கொள்கிறது. பிரிஸ்கில்லாள் அப்பொல்லோவுக்கு அதிகத் திட்டமாய் விவரித்தாள். பெபேயாள் கெங்கிரேயா சபையின் ஊழியக்காரி. பெண்கள் ஐக்கியமும் ஓய்வுநாள் பள்ளியும் இல்லாமல் இந்தக் கடற்கரையில் எந்தச் சபை நிற்கிறது? மறுபக்கம் நிற்பவர் வேதத்தை மதிக்கும் விசுவாசியாக இருக்கலாம். இது இரண்டாம் தரம் என்பதை மறக்க வேண்டாம்.

கோயிலுக்குப் போகும் உறவினரோடும், பாயோடும்

ஓரியூரில் ஆரம்பிக்காதீர்கள். 1693 பிப்ரவரி 4-இல் அங்கே தலை வெட்டப்பட்ட கத்தோலிக்கக் குரு அருளானந்தர் சாமியையும், அவர் இரத்தத்தால் சிவந்ததாக அவர்கள் நம்பும் செம்மண்ணையும், கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவையும் கிண்டல் செய்து பேச்சைத் தொடங்கினால், அத்தையும் மச்சானும் அடுத்த பத்து வருஷத்துக்கு உங்களிடம் வேதம் பேச மாட்டார்கள். அவர்கள் பூசையில் சொல்வதும் அதே நிசேயா விசுவாச அறிக்கைதான். திரித்துவத்திலும் உயிர்த்தெழுதலிலும் அவர்கள் நம்மோடு நிற்கிறார்கள். அதைச் சொல்லித் தொடங்குங்கள். அவர்கள் சிலையை ஆராதிப்பதாகச் சொல்லாதீர்கள். வணக்கம் வேறு, ஆராதனை வேறு என்பது அவர்களுடைய போதனை. அவர்கள் சொல்லாததை மறுத்து என்ன பயன்? ஒரே மத்தியஸ்தர் என்ற 1 தீமோத்தேயு 2:5-ஐயும், கொர்நேலியு காலில் விழுந்தபோது பேதுரு "எழுந்திரும், நானும் ஒரு மனுஷன்தான்" என்று தூக்கிவிட்டதையும் சேர்ந்து வாசியுங்கள்.

அவர்கள் வேதாகமத்தில் 73 புத்தகம், நமக்கு 66. மரித்தோருக்காக ஜெபிப்பதற்கு 2 மக்கபேயர் 12-ஐக் காட்டினால், அது எந்த வேதத்தில் என்று ஏளனம் செய்யாமல் காரணத்தைச் சொல்லுங்கள். அந்த நூல்கள் எபிரேய வேதத்தில் இல்லை, பழங்கால வேத அறிஞர் ஜெரோம் அவற்றைத் தனியாகப் பிரித்து வைத்தார், அவர் காலத்து ஆயர் அகஸ்டின் ஏற்றுக்கொண்டார், டிரெண்ட் சங்கம் 1546-இல் கத்தோலிக்கருக்கு முடிவாக அறிவித்தது. அகஸ்டினை மறைத்துவிட்டு ஜெரோமை மட்டும் சொன்னால் அடுத்த முறை மாட்டிக்கொள்வீர்கள்.

பாய் கேட்கும் "மாத்திட்டாங்க" என்ற கேள்விக்கு ஆதாரம் தெளிவாக இருக்கிறது. சீனாய், வத்திக்கான் பிரதிகள் நாலாம் நூற்றாண்டு. பவுலின் நிருபங்கள் அடங்கிய ஒரு பாப்பிரஸ் (நாணல் தாள்) பிரதி ஏறத்தாழ கி.பி. 200. நபிகள் நாயகத்தின் காலம் ஏழாம் நூற்றாண்டு. 1947-இல் சாக்கடல் ஓரமுள்ள கும்ரானில் கிடைத்த ஏசாயா சுருள், அதுவரை இருந்த முழு எபிரேயப் பிரதிகளைவிட ஆயிரம் வருஷத்துக்கும் மேல் பழையது. அதிலும் 53-ஆம் அதிகாரம் இருக்கிறது. பிரதி எடுக்கும்போது சில இடங்களில் வேறுபாடு வந்ததுண்டு என்று 1 யோவான் 5:7-ஐ நீங்களே உதாரணமாகக் காட்டுங்கள். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடிவதே பிரதிகள் ஏராளமாகக் கிடைத்திருப்பதால்தான். மோசேயைப் போன்ற ஒரு தீர்க்கதரிசியைச் சகோதரரிலிருந்து எழும்பப்பண்ணுவேன் என்னும் உபாகமம் 18:18-இன் "சகோதரர்" இஸ்மவேலர், ஆகவே அது நபிகள் நாயகம் என்று அவர் சொன்னால், ஒரு அதிகாரத்துக்கு முன், 17:15-இல் "சகோதரருக்குள்" ஒருவனை ராஜாவாக்கு என்பதையும் அப்படியே படிக்க முடியுமா என்று கேளுங்கள். அங்கே அது இஸ்ரவேலர்தான் என்பதில் சந்தேகமே இல்லை. தேவகுமாரன் என்று நாம் சொல்வதில் தேவனுக்கு மனைவி என்ற எண்ணம் கடுகளவும் இல்லை என்பதை அவர் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

புயல் யார்மேல் விழுந்தது

1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்தது அந்த ஊரின் பாவத்தால் என்று பேசும் பிரசங்கத்தை அனுமதிக்காதீர்கள். லூக்கா 13:1-5-இல் சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரைப் பற்றி இதே கேள்வி வருகிறது. அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்கிறார் இயேசு. பிறகு கேட்டவர்கள் பக்கம் திரும்பி, மனந்திரும்புங்கள் என்கிறார். கடலில் போனவனைப் பறிகொடுத்த வீட்டில் இந்தப் பகுதியின் முதல் பாதி மட்டும் போதும். இரண்டாம் பாதி பிரசங்க மேடைக்கு.

வகுப்பு நடத்துவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பார்கள். வாரம் இரண்டு மாலை வைத்தால் பதினாறு அமர்வு கிடைக்கும். கடைசி இரண்டை விட்டு, மீதிப் பதினாலு அமர்வில் எட்டுப் பகுதிகளை முடிக்கலாம். நாட்டுப்படகுக்காரர்களுக்குத் தடை இல்லை; பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு நீர் வற்றும் நேரம்தான் கடிகாரம். அவர்களையும் கேட்டு நேரம் வையுங்கள். ஒரு அமர்வுக்கு ஒன்றேகால் மணி நேரம் போதும்: இருபது நிமிஷம் அதிகாரம் முழுவதையும் சத்தமாக வாசிக்க, நாற்பது நிமிஷம் நோட்டின் நாலு பத்தியையும் சேர்ந்து நிரப்ப, மீதி ஜெபத்துக்கு. வாசிப்பைச் சுருக்காதீர்கள், முதலில் வெட்டுப்படுவது எப்போதும் அதுதான், பிறகு மிச்சம் நாற்பது நிமிஷமும் சொந்த அபிப்பிராயம் ஆகிவிடும்.

வெளியே பேசும்போது ஒரே நேரத்தில் ஒரு கேள்வி. எதிரில் இருப்பவர் மூன்றாவது வசனத்துக்குத் தாவினால், "முதல் வசனத்தை முடிச்சுட்டு அதுக்கு வருவோம்ணே" என்று சொல்லுங்கள். தெரியாத கேள்வி வந்தால் நோட்டில் அவர் முன்னாலேயே எழுதிக்கொண்டு, எந்த நாளில் பதிலோடு வருவீர்கள் என்று சொல்லிவிட்டு, சொன்ன நாளில் போங்கள். வாட்ஸ்அப் குழுவில் விவாதம் வேண்டாம். நூறு பேர் பார்க்கிற இடத்தில் யாரும் மனம் மாற மாட்டார்கள்.

கடைசி இரண்டு அமர்வில் புதுப் பாடம் எடுக்காதீர்கள். ஒவ்வொருவரும் ஒரு பகுதியை எடுத்து, முதல் ஐந்து நிமிஷம் எதிர்த்தரப்பின் வாதத்தை அவர்களே ஒப்புக்கொள்ளும் அளவுக்கு நியாயமாகச் சொல்ல வேண்டும். அடுத்த ஐந்து நிமிஷம் பதில். முதல் ஐந்து நிமிஷத்தைச் சொல்ல முடியாதவரை இப்போதைக்கு விவாதத்துக்கு அனுப்ப வேண்டாம். அந்தப் பகுதியை இன்னொருவரோடு சேர்ந்து மறுபடி படிக்கட்டும், அடுத்த தடைக்காலத்துக்குள் தயாராகிவிடுவார்.